இரண்டாவது கைநாட்டு

"கல்லு ஒங்க எடத்துலதான் இருக்குது மாப்ள. யாரு இல்லன்னா? ஆனா அனுபவம் எங்களுது."

வேணு மாமா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சர்வேயர் அப்போதுதான் சங்கிலியைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தார். ஆர்.எஸ். நம்பர், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதஸ்தர் நம்பர் எல்லாம் ஒத்துப்போய், மூலைக் கல் நாலும் வரைபடத்தில் இருக்கிற இடத்திலேயே மண்ணிலும் இருந்தது. ஓர் அடி அப்படியில்லை, ஓர் அடி இப்படியில்லை. நான் வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்து விழுந்தது.

அனுபவம்!

இந்தப் பத்திக்கு மேலே வாராவாரம் பெரிய எழுத்தில் அச்சாகிற வார்த்தை அது. அதை வைத்துத்தான் நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நமக்கு நேர்ந்தது, நாம் பட்டது, அதிலிருந்து கற்றது... அனுபவம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பத்திரத் தமிழில் அதற்கு வேறு அர்த்தம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. அது யார் கையில், யார் காலடியில் இருக்கிறது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதுக்குப் பெயர்தான் அனுபவம்.

இரண்டு வாரமாகப் பத்தியைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. கோபம்தான் இறங்கவில்லை.

கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு எண்பது குழி நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். ரோட்டை ஒட்டி இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டிலிருந்து நிலத்துக்குப் போகப் பத்தடி அகலத்தில், எழுபது அடி நீளத்தில் ஒரு துண்டு. அதுவும் எங்கள் பட்டாதான். வாணலியும் அதன் பிடியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடியை மட்டும் அளந்தால் ஒன்றேகால் குழி தேறாது. ஆனால் பிடி போனால் வாணலியை எதை வைத்துத் தூக்குவது?

அந்தப் பிடியை ஒட்டித்தான் வேணு மாமாவின் கரும்பு வயல். சொந்தக்கார மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று கூப்பிட்டே வளர்ந்தவர்கள். அதனால் எனக்கு மாமா. போன வருஷம் கரும்பு வெட்டியதோடு சரி, மறு நடவு இல்லை. நிலத்தை மனை போடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டார். செம்மண் வந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் எழுதிய கல் வரிசையாக முளைத்தது. நெல் இப்போதெல்லாம் அவ்வளவு வேகமாக முளைப்பதில்லை.

மனைக்கு அகலமான ரோடு காட்ட வேண்டுமாம். அவர்கள் பக்கம் பத்தடி குறைகிறதாம். எந்தப் பத்தடி என்று கேட்கிறீர்களா? அதேதான்.

சரி, ரோடுதானே, நாமும் அதிலேயே போய்விட்டு வரலாமே என்று அப்பா முதலில் சொன்னார். அவர் அப்படித்தான். பிறகுதான் தெரிந்தது, ரோட்டின் கடைசியில் எட்டடி மதில் வருகிறது. மனை வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பாம். மதிலுக்கு அந்தப் பக்கம் நாங்கள்! வயலில் நெல் கதிர் முற்றி நிற்கிறது. அறுப்பு மெஷின் எப்படி உள்ளே வரும்? மதிலைத் தாண்டிக் குதிக்குமா? இந்த வருஷம் அறுப்பு இல்லை என்றால் அடுத்த வருஷம் பயிரும் இல்லை. பாதை இல்லாத நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்க யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். மதில் கட்டியவர்களேதான் வருவார்கள்.

அதற்காகத்தான் சர்வேயருக்கு மனு போட்டு அளக்க வைத்தேன். அளந்தால் நியாயம் தெரிந்துவிடும் என்று நம்பினேன். தெரிந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

"அனுபவம் ஒங்களுதுன்னா இன்னா மாமா அர்த்தம்?" என்றேன்.

"பதிமூணு வருசமா எங்க வண்டி இதுலதான் ஓடிகினு இருக்குது. எங்க பைப்பு இதுக்கு அடியிலதான் போவுது. பன்னெண்டு வருசம் தாண்டிட்டா அவனுதுதான்னு சட்டமே சொல்லுது. படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா?"

"நாங்க ஓட்டிக்கச் சொல்லித்தானே ஓட்டுனீங்க?"

பக்கத்தில் மனை போடுகிறவரின் ஆள் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தம்பி, பேப்பர் இருக்குது. ஒங்கப்பா வெச்ச கைநாட்டு இருக்குது. இன்னும் இன்னா வேணும்?"

கைநாட்டு என்பதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... அது ரேகையைச் சொன்ன மாதிரி இல்லை, ஆளைச் சொன்ன மாதிரி இருந்தது. அப்பா வரப்பு ஓரமாக நின்று காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. நிமிரவில்லை.

வேணு மாமா மடித்து வைத்திருந்த ஜெராக்ஸ் தாளை என்னிடம் நீட்டினார்.

பிரித்தேன். தாளில் இருந்த எழுத்தெல்லாம் என்னுடையது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அந்த வருஷம் கரும்பு வெட்டுக்கு டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை, போர் தண்ணீருக்குப் பைப்பும் புதைக்க வேண்டும், அந்தப் பத்தடியைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று வேணு மாமா அப்பாவிடம் கேட்டார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னதே வேணு மாமாதான்.

"ஒம் புள்ள இருக்கறப்ப நாம எதுக்கு மச்சான் எழுத ஆளு தேடணும்? எழுதுடா மாப்ள."

என் நெஞ்சு எத்தனை இஞ்ச் விரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஊரில் ஒரு பெரிய மனுஷர் என்னை எழுதச் சொல்கிறார்! சாதாரணமாக எழுதினால் மதிப்பு ஏது? எங்கள் வீட்டில் தாத்தா நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்தே நான் பாதித் தமிழ் கற்றேன். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து அப்படியே சொருகினேன்.

'மேற்படி இடத்தைத் தாங்கள் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.'

நிலத்தை விற்கிறவன் எழுதிக் கொடுக்கிற வரி அது! வண்டி ஓட்ட இடம் கொடுக்கிறவன் எழுதுகிற வரியா? அர்த்தம் தெரிந்து எழுதினேனா? இல்லை. சத்தம் பிடித்திருந்தது, எழுதினேன். படித்துக் காட்டியபோது வேணு மாமா, "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எழுதறவன் தோத்தான் போ" என்று முதுகில் தட்டினார். அவருக்கு அன்றைக்கே அர்த்தம் தெரியுமா? தெரியாமல் தட்டியிருந்தால் அது அன்பு. தெரிந்து தட்டியிருந்தால்...?

கார்பன் தாள் வேண்டாம், இரண்டு காப்பியும் நானே எழுதுகிறேன் என்று இரண்டு தடவை எழுதினேன். அவ்வளவு ஆசை. அப்பா ரேகை வைத்தார், மாமா கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ்தான் இப்போது என் கையில்.

நிலத்தை அளந்த அன்று சாயங்காலமே மூலக்குளத்தில் நான் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே கேட்டார்.

"எத்தனை வருஷம்?"

"பதிமூணு சார்."

"முடிஞ்சு போச்சு. எதையாவது வாங்கிக்கிட்டு சமாதானமாப் போயிடுங்க."

எப்படி அவர்கள் கைக்குப் போனது, யார் விட்டது, எதற்கு விட்டது... ஒரு கேள்வி இல்லை. டீக்கடையில் கிடைக்கிற சட்டம்தான் அங்கேயும் கிடைத்தது. கவனித்திருக்கிறீர்களா? நம் பக்கத்தில் எவரைக் கேட்டாலும் பன்னிரண்டு வருஷக் கணக்கு தெரியும். ஆடு மேய்க்கப் போகிறவருக்குத் தெரியும், மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும். சட்டத்தில் அந்த ஒரு நம்பரை மட்டும் பிய்த்தெடுத்து ஊர் முழுக்க விதைத்தது யார்? மீதிச் சட்டம் எங்கே போனது? நிலத்தை விழுங்க உதவுகிற பாதி எல்லோருக்கும் தெரிகிறது. காப்பாற்ற உதவுகிற பாதி வக்கீலுக்கே தெரிவதில்லை. அல்லது தெரிந்தும் சொல்ல நேரமில்லை!

வீட்டுக்கு வந்து கோபத்தை யாரிடம் காட்டினேன்? அப்பாவிடம்தான். வேறு யாரிடம் காட்ட முடியும்?

"நம்மளுக்கு வேணும்னா வுட்டுடணும்னு நான் சொன்னன்டா" என்றார் அப்பா.

"வாயால சொன்னா போதுமா? காயிதத்துல இருக்குதா?"

"ஒன்ன எழுதச் சொன்னன். நீதான் எழுதுன."

"நான் பாத்தம்பா. அந்த மாரி ஒரு வரியே இல்ல."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப எனக்குத்தான் நெனப்பு தப்பு" என்றார். சாப்பிடாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. ஒன்னப் படிக்க வெச்சது இதுக்குத்தானா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்து, கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர் கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவசச் சட்ட உதவிப் பிரிவைச் சொன்னார். இலவசம் என்றதும் எனக்கு ஓர் இளக்காரம். காசு வாங்கியவரே முடிந்துபோச்சு என்றார், காசு வாங்காதவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? இருந்தாலும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வக்கீல் அம்மா. மேசையில் பைல்களுக்கு நடுவே திறந்தபடி டிபன் பாக்ஸ், எலுமிச்சம்பழ சாதம். சாப்பிடுகிற நேரத்தில் வந்துவிட்டோமே என்று திரும்பினோம்.

"உட்காருங்க, உட்காருங்க. சாதம் எங்கயும் ஓடாது. நிலம்தான் ஓடும்."

ஜெராக்ஸைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இதை எழுதினது யாரு? பத்திர எழுத்தரா?"

"நான்தான் மேடம். பிளஸ் ஒன் படிக்கும்போது."

"நல்ல வேலை பண்ணீங்க!"

அந்த நல்ல வேலை எந்த மாதிரியான நல்ல வேலை என்று உங்களுக்குப் புரியும். பிறகு அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. அவர் உங்ககிட்ட கேட்டு எடுத்தாரா? கேக்காம எடுத்தாரா?"

"கேட்டுதாம்மா. கேட்டாரு, ஓட்டிக்க மச்சான்னு சொன்னன்."

"அதான் கேள்வியே! எதிரிடை அனுபவம்னு சொல்றாங்களே, அதுல 'எதிரிடை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. எல்லாரும் அதை முழுங்கிட்டு அனுபவத்தை மட்டும் சொல்றாங்க. உங்களுக்கு எதிரா, உங்களுக்குத் தெரியற மாதிரி, 'இது என்னுது, உன்னால ஆனதைப் பாரு'ன்னு பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கணும். அதை அவங்கதான் நிரூபிக்கணும். கேட்டு வாங்கி உட்கார்ந்தவர் ஐம்பது வருஷம் உட்கார்ந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளி வீட்டுக்காரர் ஆக முடியாது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன்.

"ஆனா உங்க பையன் எழுதின வரி சிக்கல்" என்றார் வக்கீல் அம்மா. "கேட்டு வண்டி ஓட்டினாரா, இல்ல நீங்களே இடத்தை விட்டுக் குடுத்துட்டீங்களா? இதைப் படிச்சா ரெண்டாவது மாதிரி இருக்கு. ரிஜிஸ்தர் ஆகாததால இடம் அவருக்குப் போயிடாது. ஆனா அன்னையிலேர்ந்து என்னுதுன்னு நெனச்சுதான் இருந்தேன்னு வாதாடுவாங்க. உங்க காப்பி எங்க?"

"தம்பிகிட்டதான் இருக்குது" என்றார் அப்பா. "சர்ட்டிபிகேட்டோட வெச்சிக்கோன்னு அன்னிக்கே குடுத்தன்."

எனக்கு நினைவே இல்லை. வேலைக்காகத் தங்கியிருக்கிற அறைக்குப் போய் சர்ட்டிபிகேட் பைலைக் கட்டிலில் கொட்டினேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்து இருக்கிற காகிதம் எதுவானாலும் அப்பா அதைத் தவளக்குப்பம் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவார். என் மார்க் ஷீட், ரேஷன் கார்டு, ஒரு தடவை பேருந்து பாஸ்கூட. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எது முக்கியமான காகிதம், எது இல்லை என்று எப்படித் தெரியும்? எல்லாமே முக்கியம்.

பள்ளிக்கூடம் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் கொஞ்சம் கனமாக இருந்தது. வெயிலில் பிளாஸ்டிக் இளகி, அதன் முதுகில் லேமினேஷன் போட்ட இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தேன்.

அதேதான். எத்தனை இன்டர்வியூ போயிருப்பேன்? அத்தனைக்கும் இதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். பெரிய பெரிய எழுத்தில் என் கிரயப் பத்திரத் தமிழ். அப்பாவின் ரேகை. வேணு மாமாவின் கையெழுத்து. ஜெராக்ஸ் அங்கேயே முடிந்துவிட்டது. காகிதம் முடியவில்லை. கீழே, இடமே இல்லாத இடத்தில், நெருக்கியடித்து, கோணலாக ஒரு வரி.

'எங்களுக்கு வேணும்னா வுட்டுடணும்.'

அதற்குப் பக்கத்தில் அப்பாவின் இன்னொரு ரேகை. அதற்குப் பக்கத்தில் வேணு மாமாவின் இன்னொரு கையெழுத்து.

எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. அன்றைக்கு ரேகை வைத்த பிறகும் அப்பா காகிதத்தை விடவில்லை. "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். "எங்களுக்கு வேணும்னா வுட்டுடணும்னு இதுல எங்க வருது?" என்றார். அதெல்லாம் பத்திரத்தில் அப்படி எழுத மாட்டார்கள் என்று நான் சலித்துக்கொண்டேன். "நீ படிச்சிக் காட்டறப்ப எனக்குப் புரியணும். நான் சொல்ற மாரியே எழுது" என்றார். என் அழகான காகிதத்தைக் கெடுக்கிறாரே என்று எரிச்சல். அந்த எரிச்சலில்தான் அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் இரண்டு காப்பியிலும் கிறுக்கினேன். "இதுக்கும் ஒரு ரேக வெக்கறன், மச்சான் நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்றார். ஒரே காகிதத்தில் இரண்டு தடவை கைநாட்டா என்று நான் சிரித்தேன். வேணு மாமாவும் சிரித்தார்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது சிரித்தாரா என்று தெரியவில்லை. அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்திருக்கிறார். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷ மச்சான் உறவுக்கு ஒரு வெள்ளைத் தாள்!

எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் பெரிதா, என்மேல் இருக்கிற கோபம் பெரிதா? அவர் ஒரு வரியை மறைத்தார். நானோ அந்த வரி இல்லவே இல்லை என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சாதித்தேன். ஜெராக்ஸ் மெஷின் சொன்னதை நம்பினேன், பெற்றவர் சொன்னதை நம்பவில்லை. படித்தவன் இல்லையா?

வக்கீல் அம்மா லேமினேஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதையும் விட்டு வைக்கலையா ஐயா நீங்க? ரேகையைச் சோதிக்கணும்னா இதைப் பிரிக்கணுமே!" திட்டு முடிந்ததும் அந்தக் கோணல் வரியில் விரலை வைத்தார். "இது அனுமதி. கேட்டு வாங்கினது, கேட்டா திருப்பணும்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு மேல எதிரிடை எங்கேர்ந்து வரும்?"

வழக்குப் போட்டாயிற்று. இருக்கிற நிலை இருக்கிறபடியே இருக்கட்டும், மதில் கட்டக்கூடாது என்று கோர்ட் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறது. முந்தா நாள் அறுப்பு மெஷின் அந்தப் பத்தடியில் உறுமிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் இது ஜெயம் இல்லை. வாய்தா இருக்கிறது, அதற்கு அடுத்த வாய்தா இருக்கிறது. எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். வக்கீல் அம்மா டிபன் பாக்ஸை மூடினார்.

மெஷின் போன பிறகு வேணு மாமா ரோட்டில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா மாப்ள, கோர்ட்டு கீர்ட்டுன்னு... நம்மளுக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா?"

"அடியில ஒரு வரி இருந்துதே மாமா, அது எங்க?"

வண்டியை ஸ்டார்ட் செய்தார். கிளம்பும்போது, "ஒங்கப்பன் அப்பவே வெவரம்தான்" என்றார். பாராட்டாகச் சொன்னாரா, புகாராகவா?

இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு பத்தடி இருக்கும்? மாட்டைக் கட்டிக்கொள்ளட்டும், வைக்கோலைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுக் கொடுத்த இடம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டுத்தான் வாங்கினார் என்பதை ஒரு வரியில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று கூச்சப்படாதீர்கள். வெள்ளைத் தாளை வைத்து மறைக்கிறவருக்குக் கூச்சம் வரவில்லை. முக்கியமாக, என்னைப் போல ஒரு படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிறவரை ரேகை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. என் பத்தியில் பேச்சு வழக்கு கொஞ்சம் அதிகமாக வருகிறது, குறைத்துக்கொள்ளலாமே என்று ஆசிரியர் போன மாதம் போனில் சொன்னார். சரி சார் என்றும் சொல்லியிருந்தேன்.

மன்னிக்கணும் சார். எங்கள் வழக்கே அந்தப் பேச்சு வழக்கில்தான் நிற்கிறது!